கேஸே இல்லாத ஒயின் கூலருக்கு கேஸ் அடிக்கச் சொன்னால்?

கேள்வி: எங்கள் வீட்டில் 18 பாட்டில் கொள்ளும் சிறிய ஒயின் கூலர் ஒன்று ஆறு வருடமாக இருக்கிறது. ஃப்ரிட்ஜ் மாதிரி உறுமாது. ஃபேன் ஓடும் மெல்லிய சத்தம் மட்டும்தான் கேட்கும். சில மாதங்களுக்கு முன் பின்பக்கம் கரகரவென்று சத்தம் வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அப்போதிலிருந்து 12 டிகிரியில் வைத்தாலும் 22-க்குக் கீழே இறங்குவதில்லை. அறையில் 28 டிகிரி இருக்கும். வந்து பார்த்த மெக்கானிக், பின்பக்கத்தைக் கழற்றாமலே, “கேஸ் போயிருக்கும், கேஸ் அடிக்கணும். அதற்குச் செலவு செய்வதைவிடப் புதிதே வாங்கிவிடலாம்” என்றார். பின்னால் உள்ள ஸ்டிக்கரில் 70 வாட் என்று இருக்கிறது. கேஸ் பெயர் எதுவும் இல்லை. பெட்டி சமையலறை அலமாரிக்குள், மூன்று பக்கமும் பலகை சூழ இருக்கிறது. ரிப்பேர் செய்வதா, மாற்றுவதா? மாற்றினால் எந்த வகை வாங்குவது? உள்ளே இருந்த பாட்டில்கள் கெட்டுப்போயிருக்குமா?

பதில்: அவசரப்பட்டு கேஸ் அடிக்கச் சொல்லாமல் எழுதிக் கேட்டீர்களே, அதுவே பாதி செலவு மிச்சம். உங்கள் பெட்டியில் கேஸ் கிடையாது. என்றைக்கும் இருந்ததும் இல்லை.

கம்ப்ரஸர் வைத்த எந்தக் குளிர்பெட்டியானாலும் அதற்குள் என்ன கேஸ், எத்தனை கிராம் என்று ஸ்டிக்கரில் அச்சிட்டிருப்பார்கள். பழையவற்றில் ஆர்134ஏ, இப்போது வருபவற்றில் பெரும்பாலும் ஆர்600ஏ. உங்கள் ஸ்டிக்கரில் அந்த வரியே இல்லை. 18 பாட்டில் அளவு, 70 வாட், உறுமல் இல்லாத ஓட்டம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இது தெர்மோஎலக்ட்ரிக் வகை. பெல்டியர் கூலர் என்றும் சொல்வார்கள். பின்பக்கத்தைக் கழற்றாமல் கேஸ் என்று சொன்னவரை இன்னொரு முறை கூப்பிட வேண்டாம்.

இந்தப் பெட்டி எப்படிக் குளிர்விக்கிறது என்று தெரிந்தால், ரிப்பேரா புதிதா என்ற கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது. இரண்டு வேறுவேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் அங்கே வெப்பம் உறிஞ்சப்படும், அல்லது வெளிப்படும் என்று 1834-ல் பிரான்ஸைச் சேர்ந்த பெல்டியர் கண்டறிந்தார். இப்போது உலோகத்துக்குப் பதில் பிஸ்மத் டெலுரைடு என்ற குறைகடத்தித் துண்டுகள். இரண்டு பீங்கான் தகடுகளுக்கு நடுவே அவற்றை வரிசையாகப் பற்றவைத்திருப்பார்கள். சிறிய கூலர்களில் சாதாரணமாகப் பார்ப்பது 40 மில்லிமீட்டர் சதுரத்தில் 127 ஜோடிகள் கொண்ட 12 வோல்ட் மாட்யூல். கரன்ட் கொடுத்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் கொதிக்கும். குளிர்ப் பக்கத்தின் குளிர்ச்சியை உள்ளே இருக்கும் சின்ன ஃபேன் பாட்டில்களுக்குப் பரப்புகிறது. சுடும் பக்கத்தின் சூட்டை ஓர் அலுமினிய ஹீட் சிங்க் வாங்கிக்கொள்ள, வெளி ஃபேன் அதை ஊதி வெளியேற்றுகிறது. சூடு வெளியேறும் வேகம்தான் குளிரின் அளவைத் தீர்மானிக்கிறது. வெளி ஃபேன் நின்றால் சுடும் பக்கத்தின் சூடு மாட்யூல் வழியாகவே திரும்பி உள்ளே வரும்.

கரகர சத்தம் வந்தது, பிறகு நின்றது, நின்றதிலிருந்து குளிர் இல்லை என்று நீங்கள் எழுதிய வரிசையைப் பார்த்தால் ஃபேனின் பேரிங் தேய்ந்து, கடைசியில் சுற்றாமல் போனது போலத்தான் தெரிகிறது. நேரில் பார்க்காமல் நூறு சதவீதம் சொல்ல முடியாதுதான். ஆனால் இந்த வகையில் முதலில் போகும் உறுப்பு ஃபேன்தான். வருடம் முழுக்க அநேகமாக ஓய்வே இல்லாமல் சுற்றுவது அது ஒன்று.

எனவே இப்போதே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வெளி ஃபேன் சுற்றாத நிலையில் தொடர்ந்து ஓட்டினால், ஃபேனோடு போயிருக்க வேண்டிய கோளாறு மாட்யூலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போகும். அதிகச் சூட்டில் உள்ளே இருக்கும் ஈயப்பற்று தளர்ந்துவிடும்.

அடுத்து பெட்டியை அலமாரியிலிருந்து வெளியே இழுத்து, பின்பக்க மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு இடையே தூசு கம்பளிபோல அடைத்திருக்கும்; சமையலறை என்பதால் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்திருக்கும். காய்ந்த பிரஷ்ஷாலும் வேக்யூம் கிளீனராலும் சுத்தம் செய்யுங்கள். ஃபேனை விரலால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். தடைபட்டால் அதுதான் குற்றவாளி. பிறகு கையையும் வயரையும் ஃபேனிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் மட்டும் பிளக்கைப் போட்டுக் கவனியுங்கள். கரன்ட் நேராக வரும் பவர் சப்ளை போர்டை மட்டும் தொடவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள கெபாசிட்டரில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். ஹீட் சிங்க்கைத் தொட்டுப் பார்ப்பதும் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான்.

ஹீட் சிங்க் கை வைக்க முடியாத அளவு சுட்டு, வெளி ஃபேன் நின்றிருந்தால், மாட்யூல் உயிரோடு இருக்கிறது. சூடு வெளியேற வழியில்லை. ஃபேனை மாற்றினால் போதும். இரண்டு ஃபேனும் நன்றாகச் சுற்றியும் ஹீட் சிங்க் அறைச் சூட்டிலேயே இருந்தால் மாட்யூலுக்குக் கரன்ட் வரவில்லை, அல்லது மாட்யூலே போய்விட்டது. மல்டிமீட்டர் வைத்திருப்பவர் மாட்யூலின் இரு வயர்களில் வோல்ட்டேஜ் பார்த்தால் எது என்று உடனே தெரிந்துவிடும். டிஸ்ப்ளே எரிகிறது, ஆனால் ஃபேன், மாட்யூல் எதுவும் இயங்கவில்லை என்றால் சந்தேகம் பவர் சப்ளை மேல். கெபாசிட்டரின் தலை உப்பியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே பல நேரம் தெரியும்.

ஃபேன் மட்டும்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரிப்பேர் செய்யுங்கள். பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அதே 12 வோல்ட் டிசி ஃபேன்தான் இதிலும். பழைய ஃபேனின் ஸ்டிக்கரில் உள்ள வோல்ட், ஆம்பியர், சட்டத்தின் அளவு (80, 92 அல்லது 120 மில்லிமீட்டர்), தடிமன், வயர் இரண்டா மூன்றா என்பதைக் குறித்துக்கொண்டு அதற்கு ஈடானதை வாங்கினால் போதும். கழற்றும் முன் எந்தப் பக்கம் ஊதியது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி மாட்டினால் சுற்றும், ஆனால் சூடு போகவேண்டிய வழியில் போகாது. பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். கொஞ்ச நாள் ஓடும், பிறகு நீங்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து நிற்கும்.

மாட்யூல் போயிருந்தால் கதை வேறு. அந்தச் சில்லு மலிவானதுதான், வேலைதான் நுணுக்கம். உள்ளேயும் வெளியேயும் உள்ள இரண்டு ஹீட் சிங்க்குகளைப் பிரித்து, நடுவே சூட்டைக் கடத்தத் தடவியிருந்து காய்ந்துபோன பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதுப் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவி, நான்கு ஸ்க்ரூவையும் ஒரே அழுத்தத்தில் முடுக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகம் முடுக்கினால் பீங்கான் விரிசல் விடும். ஓரத்தைச் சுற்றி ஈரம் புகாமல் அடைக்காவிட்டால் குளிர்ப் பக்கத்தில் வியர்க்கும் தண்ணீரே மாட்யூலை அரித்துவிடும். சிவப்பு, கறுப்பு வயர்களை மாற்றிக் கொடுத்துவிட்டால் பெட்டியின் உள்பக்கம் சூடாகும். சிரிக்காதீர்கள், ரிப்பேருக்குப் போய்விட்டு வந்த கூலர் ஒயினைச் சூடாக்குவது இப்படித்தான். இதைச் செய்து பழக்கமுள்ள எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் கையில் கிடைத்தால் ஒருமுறை செய்துபார்க்கலாம். கிடைக்காவிட்டால் ஆறு வயதுப் பெட்டிக்கு அலைய வேண்டாம்.

மாட்யூலும் பவர் சப்ளையும் சேர்ந்து போயிருந்தால் நான் பணம் போடமாட்டேன். ரிப்பேர் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடு என்று ஒரு கணக்கு எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்கில் பெரிய நம்பிக்கையில்லை. எந்த உறுப்பு போயிருக்கிறது, எதனால் போனது என்று பார்க்காமல் பாதி, கால் என்று பேசுவதில் பொருளில்லை. போன காரணம் அப்படியே இருந்தால் பாதி விலைக்குச் செய்த ரிப்பேரும் வீண், முழு விலைக்கு வாங்கிய புதியதும் வீண்.

உங்கள் விஷயத்தில் அந்தக் காரணம் எனக்குக் கண்ணெதிரே தெரிகிறது: அலமாரி.

இந்தப் பெட்டி 70 வாட் இழுக்கிறது. அந்த 70 வாட்டும், போதாததற்கு உள்ளிருந்து இறைத்த வெப்பமும், பின்பக்கமாகத்தான் வெளியே வருகின்றன. மூன்று பக்கமும் பலகை இருந்தால் அந்தச் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை. அலமாரிக்குள் 35, 38 என்று ஏறும். அந்தக் காற்றையே ஃபேன் திரும்ப இழுத்து ஹீட் சிங்க் மேல் ஊதும். ஓட்டைப் படகிலிருந்து தண்ணீரை இறைத்து அதே படகுக்குள் ஊற்றுகிற வேலை. ஃபேன் பேரிங்கின் எண்ணெய் இந்தச் சூட்டில்தான் சீக்கிரம் காய்கிறது; பவர் சப்ளை கெபாசிட்டரும் அப்படியே. தனியாக நிற்க வைக்கச் செய்த மாடலை அலமாரிக்குள் தள்ளுவது இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்க்கும் தவறு. அலமாரி செய்தவர் அளவெடுத்து அழகாகப் பொருத்திக் கொடுத்துவிடுவார். காற்று எங்கே போகும் என்று அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே ஃபேனை மாற்றியபின் பெட்டியைத் திரும்ப அதே பொந்துக்குள் வைக்காதீர்கள். திறந்த இடத்தில், பின்னால் ஒரு சாண் இடம் விட்டு, அடுப்பும் நேர் வெயிலும் படாமல் வையுங்கள். வேறு இடமே இல்லையென்றால் அலமாரியின் பின்பலகையை எடுத்துவிட்டு, கீழே காற்று நுழையவும் மேலே வெளியேறவும் பெரிதாக வழி வெட்டச் சொல்லுங்கள். பெயருக்கு நாலு துளை போட்டால் பயனில்லை.

பிறகு ஒரு சோதனை. டிஸ்ப்ளேயில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். அது சென்சார் இருக்கும் மூலையின் காற்றை மட்டும் சொல்கிறது. ஒரு காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி நடுத்தட்டில் வைத்து, 24 மணி நேரம் கழித்து அந்தத் தண்ணீரைத் தெர்மாமீட்டரால் பாருங்கள். அதே நேரத்தில் பெட்டியை ஒட்டி வெளியே என்ன சூடு என்றும் பாருங்கள். சிறிய தெர்மோஎலக்ட்ரிக் பெட்டியால் வெளிச்சூட்டைவிட சுமார் 15 டிகிரி, நல்லதாக இருந்தால் இன்னும் சற்று அதிகம், இறக்க முடியும். அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. நீங்கள் எழுதியபடி 28-க்கு 22 என்றால் ஆறு டிகிரி வித்தியாசம்தான், அது சந்தேகமில்லாமல் கோளாறு. ரிப்பேருக்குப் பின் 28-க்கு 13 வந்தால் பெட்டி முழு ஆரோக்கியத்தோடு இருக்கிறது. வெயில் காலத்தில் அறையே 33-க்குப் போனால் அதே பெட்டி 18-ல்தான் நிற்கும். அப்போது யாரையும் கூப்பிடாதீர்கள், அதன் எல்லை அவ்வளவுதான். அந்த 18 உங்களுக்குப் போதாது என்றால், அன்றைக்குத்தான் மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும், பழுது என்பதற்காக அல்ல.

கதவு ரப்பரையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள். ஒரு தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தால் இறுக்கம் தெரிய வேண்டும். நழுவி வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. வளைந்த ரப்பரை வெந்நீர்த் துணியால் ஒற்றி நேராக்கினால் பல நேரம் திரும்ப ஒட்டும். கண்ணாடியின் வெளிப்பக்கம் மழைக்காலத்தில் வியர்ப்பது கோளாறு இல்லை. இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே மூட்டம் படிந்தால் மட்டும் அந்தக் கதவின் சீல் போய்விட்டது; அதைப் பிரித்துச் சரிசெய்ய வழியில்லை, கதவையே மாற்ற வேண்டும்.

கம்ப்ரஸர் வகை வைத்திருக்கும் வாசகர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்குக் கொஞ்சம். அந்தப் பெட்டியில் நான் ஒரே ஒரு கோடு கிழிப்பேன்: கேஸ் ஓடும் மூடிய குழாய்க்கு வெளியே கோளாறு என்றால் ரிப்பேர், உள்ளே என்றால் பெரும்பாலும் புதிது. ரிலே (கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் சுவிட்ச்), ஓவர்லோட் (அளவுக்கு மீறி கரன்ட் இழுத்தால் அதை நிறுத்தும் பாகம்), ஃபேன், டெம்பரேச்சர் சென்சார், போர்டு, கதவு ரப்பர் எல்லாம் வெளியே. சில நிமிடத்துக்கு ஒருமுறை ‘டிக்’ என்று சத்தம் வந்து, ஓர் உறுமல் உறுமி, மறுபடி ‘டிக்’ என்று அடங்கினால் கம்ப்ரஸர் செத்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் ரிலேயை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன பாகம், சில நிமிட வேலை. கம்ப்ரஸர் தொடர்ந்து ஓடியும் உள்சுவரில் ஒரு மூலையில் மட்டும் பனி பிடித்து மற்ற இடம் வெதுவெதுப்பாக இருந்தால், அது கேஸ் குறைந்ததற்கான அடையாளம்.

கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற சரக்கு அல்ல. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் ‘கேஸ் அடித்துவிடுகிறேன்’ என்பவர் சில மாதம் கழித்துத் திரும்ப வருவார். ஒழுகல் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியும் குழாயில் இருந்தால் அடைக்கலாம். உள்சுவருக்குப் பின்னால், ஃபோமுக்குள் புதைந்த குழாயில் என்றால் பெட்டியின் ஆயுள் முடிந்தது. ஆர்600ஏ என்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது. சிறிய பெட்டிக்குள் சில பத்து கிராம்தான் இருக்கும், அதைத் தராசில் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். குழாயைத் திறந்தால் ஃபில்டரை மாற்ற வேண்டும், வேக்யூம் இழுக்க வேண்டும். இந்தக் கருவிகள் எதுவும் இல்லாமல் ஒரு சிலிண்டரோடு மட்டும் வந்து நிற்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். ஆர்600ஏ பெட்டியில் ஆர்134ஏ ஏற்றித் தருகிறேன் என்றாலும் அதே மரியாதைதான். சமையலறை மரவேலையோடு சேர்த்துப் பொருத்திய, நூறு பாட்டில் கொள்ளும் பெரிய பெட்டி என்றால் மட்டும் கம்ப்ரஸர் மாற்றும் செலவைக்கூட யோசிக்கலாம்; அதே அளவில் புதிது கிடைக்காமல் அலமாரியையே இடிக்க வேண்டி வரும்.

உங்களுக்கே திரும்ப வருகிறேன். சோதனையில் உங்கள் பெட்டி தோற்றால் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அறை 30-ஐத் தாண்டும் வீடு என்றால் கம்ப்ரஸர் வகைதான். மெல்லிய உறுமல் இருக்கும், பழகிவிடும். தெர்மோஎலக்ட்ரிக் பெட்டி சத்தம் போடாது என்று விற்பார்கள். உண்மைதான், ஆனால் வெயில் காலத்தில் ஓய்வில்லாமல் இழுக்கும். உங்கள் 70 வாட் நாள் முழுக்க ஓடினால் ஒன்றரை யூனிட்டுக்கு மேல். அதே அளவுள்ள கம்ப்ரஸர் பெட்டி குளிர்ந்ததும் நின்றுவிடுவதால் அதில் ஒரு பங்கு கரன்ட்தான் ஆகும்.

ஸ்டிக்கரில் அல்லது கையேட்டில் தட்பவெப்ப வகுப்பு என்று ஒன்று இருக்கும். ‘என்’ என்றால் சுற்றுச்சூடு 32 டிகிரி வரைதான் உத்தரவாதம். ‘எஸ்டி’ 38 வரை. ‘டி’ 43 வரை. கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்களாகக் கேளுங்கள். அலமாரிக்குள்தான் வைப்பேன் என்று பிடிவாதமாக இருந்தால், அடிப்பக்கம் முன்னால் சல்லடை வழியாகச் சூட்டை விடும் ‘பில்ட்-இன்’ மாடலாக வாங்குங்கள். கதவு ரப்பரும் போர்டும் தனியாகக் கிடைக்குமா, எத்தனை வருடம் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். பாட்டில் எண்ணிக்கையை நம்பாதீர்கள். அது ஒல்லியான 750 மில்லி போர்தோ பாட்டிலை வைத்து எண்ணியது. வயிறு பெருத்த பர்கண்டி, ஷாம்பெயின் பாட்டில்களை அடுக்கினால் கணக்கு நன்றாகவே குறையும்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. 18 பாட்டிலையும் வருடக்கணக்கில் வைத்திருக்கிறீர்களா, இல்லை சில வாரத்தில் குடித்துத் தீர்த்து மறுபடி நிரப்புகிறீர்களா? இரண்டாவது என்றால் உங்களுக்கு இந்தப் பெட்டியே கட்டாயம் இல்லை. வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, சிவப்பு ஒயினை அரைமணி நேரம் முன்னதாக வெளியே எடுத்தால் போதும்.

கடைசியாக, அந்தப் பாட்டில்கள். நீண்ட நாள் வைப்பதற்கு 12, 13 டிகிரி நல்லது. எண்ணைவிட முக்கியம் அது ஏறி இறங்காமல் இருப்பது. சில மாதம் 22-ல் கிடந்தால் ஒயின் கொஞ்சம் வேகமாக முதிர்ந்திருக்கும், கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. கார்க் வாயைவிட்டு மேலே தள்ளியிருக்கிறதா, உறைக்குக் கீழே ஒழுகிய பிசுபிசுப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்படி இருப்பவை கடும் சூடு பட்டவை. அவற்றை முதலில் திறந்துவிடுங்கள். மற்றவற்றை ஃபேன் வரும்வரை வீட்டில் இருப்பதிலேயே குளிர்ந்த, வெளிச்சம் படாத இடத்தில் படுக்கவைத்தால் போதும். வெள்ளை ஒயின் மட்டும் என்றால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டிலேயே போடலாம், சில வாரத்துக்கு ஒன்றும் ஆகாது.